டிகோடர் கருகாமல் ரயில் ஓட்ட: சுவர் பிளக்கிலிருந்து சக்கரம் வரை

லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாடல் ரயில் இன்ஜினுக்குள் இருந்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்ன மின்னணுப் பாகமான டிகோடரின் பச்சைத் தகட்டில், கறுப்புச் சில்லின் மேல் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கொப்புளம். சுற்றிலும் லேசான பழுப்பு. மூக்குப் பக்கம் கொண்டுபோனால் கருகிய வாசம். அவ்வளவுதான், அந்த இன்ஜின் இனி புது டிகோடர் வாங்கும் வரை அலமாரியில்தான் நிற்கும். ஒலி வருகிற டிகோடராக இருந்தால் சுங்கம், கூரியர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

எங்கள் மதுரை திருநகர் வீட்டு மாடி அறையில் பதினோரு வருடமாக ஒரு லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் தண்டவாள அமைப்பு, வளர்கிறது. மீட்டர்கேஜாக இருந்த காலத்து மதுரை–போடி பாதை. 2010 கடைசியில் அந்தச் சிறுவண்டி நின்றது. அகலப்பாதையாக மறுபடி போடி வரை ரயில் போனது 2023 ஜூனில்தான். மீட்டர்கேஜை 1:87-க்குச் சுருக்கினால் 11.5 மில்லிமீட்டர் வரும், அதனால் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுகிறேன். இதுவரை ஐந்து டிகோடர் போயிருக்கிறது. அதில் ஒன்றுதான் வெளியிலிருந்து வந்த மின்சாரத்தால் போனது. மூன்று தண்டவாளத்தின் மேலேயே, ஷார்ட் சர்க்யூட்டால் போனவை. இன்னொன்று மாட்டும்போது மேசையிலேயே போனது. என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் இடி மின்னலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கும் வழி சொல்கிறேன். ஆனால் பணமும் நேரமும் குறைவாக இருந்தால், லேஅவுட்டுக்கு அடியில் ஓடும் ஒயரிலிருந்து ஆரம்பியுங்கள். சுவர்ப்பக்கம் அப்புறம் வரட்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறைக்கு. இதில் கமாண்ட் ஸ்டேஷன் கட்டளையை உருவாக்கும், பூஸ்டர் அதைப் பலத்தோடு தண்டவாளத்துக்கு அனுப்பும், இன்ஜினில் உள்ள டிகோடர் அதைப் படித்து ஓட்டும். சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் வைத்து ஓட்டுபவர்களுக்குச் சுவர்ப்பக்கம் சொல்வது அப்படியே பொருந்தும். தண்டவாளப் பக்கத்தில் பாதி பொருந்தும்.

சுவர்ப்பக்கம்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பத்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 207 முதல் 253 வரை சாதாரணம். இதைத் தாண்டி இரண்டு வகைத் தொல்லை வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் காசு கொடுத்தும் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறார்கள்.

ஒன்று, மின்னல் எங்கோ விழும்போதோ பெரிய மோட்டார் நிற்கும்போதோ வரும் கணநேரத் துள்ளல். மைக்ரோ நொடிக் கணக்கில் வந்து போய்விடும், ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் வரை போகும். இதைப் பிடிப்பது எம்.ஓ.வி. என்கிற சின்ன வட்டப் பாகம். நல்ல ஸ்பைக் பஸ்டருக்குள் இதுதான் இருக்கும். 431கே என்று அச்சிட்டது 275 வோல்ட் ஏ.சி. வரை சும்மா இருக்கும். துள்ளல் வந்தால் ஏறத்தாழ 700 வோல்ட்டில் மடக்கிப் பிடிக்கும். வோல்டேஜ் அடிக்கடி ஏறும் பகுதியில் 300 வோல்ட் தாங்கும் 471கே நல்லது.

இரண்டாவது, நியூட்ரல் போவது. என் முதல் டிகோடர் இப்படித்தான் போனது. ஐப்பசி மழை நாள், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். டியூப்லைட் திடீரென்று கண் கூசும்படி எரிந்தது, மின்விசிறி சத்தம் மாறியது. நான் எழுந்து ஸ்விட்சை அணைப்பதற்குள் பூஸ்டரின் அடாப்டரில் ‘பட்’ என்று ஒரு சத்தம். தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருந்தது. அப்படி விட்டுப்போனால் வேறு வேறு பேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்கின்றன. எந்த வீட்டில் குறைவாக மின்சாரம் ஓடுகிறதோ அந்த வீட்டுக்கு வோல்டேஜ் அதிகம் போகும். பக்கத்து வீட்டில் ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் ஓட, நம் வீட்டில் இரண்டு விளக்கு மட்டும் எரிந்தால் நம் பக்கம் 300-ஐத் தாண்டும். அதுவும் கண நேரம் இல்லை, யாராவது வந்து சரிசெய்யும் வரை. எம்.ஓ.வி. இதைத் தாங்காது, சூடாகி அதுவே எரிந்துபோகும்.

அதனால் ஸ்பைக் பஸ்டர் மட்டும் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மீட்டர் பெட்டிக்கு அடுத்த டி.பி.யில், அதாவது எம்.சி.பி. என்கிற தானாக விழும் ஸ்விட்சுகள் உள்ள பெட்டியில், மூன்று பொருள் வேண்டும்.

முதலாவது, வோல்டேஜ் ஏறினால் இறங்கினால் வெட்டிவிடும் ப்ரொடெக்டர். டி.பி.க்குள் எம்.சி.பி. பக்கத்திலேயே மாட்டுகிற மாதிரி, எண் காட்டும் திரையோடு கிடைக்கிறது. மேல் எல்லை 255, கீழ் எல்லை 180, திரும்பச் சேர்க்கும் தாமதம் குறைந்தது ஒரு நிமிடம் என்று வையுங்கள். கரண்ட் போய் வரும்போது ஒரே தடவையில் நிலையாக வருவதில்லை. வந்து, போய், மறுபடி வரும். அந்தத் தடுமாற்றம் முடிந்த பிறகு நம் கருவிக்கு மின்சாரம் போகட்டும்.

இரண்டாவது, துள்ளலை எர்த்துக்குத் திருப்பிவிடும் வகை 2 எஸ்.பி.டி. இதற்கு எர்த் நன்றாக இருக்க வேண்டும். அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒயர் நீண்டால் துள்ளலின்போது அந்த ஒயரிலேயே வோல்டேஜ் நின்றுவிடும், எஸ்.பி.டி. மாட்டிய பலன் பாதி போய்விடும்.

மூன்றாவது, மின்கசிவு வந்தால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இது டிகோடருக்கு இல்லை, நமக்கு. லேஅவுட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இது கட்டாயம்.

இதையெல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். எனக்குச் செய்து கொடுத்த அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“எம்.சி.பி. போட்டிருக்கோம்ல தம்பி, அப்புறம் எதுக்கு இம்புட்டுப் பெட்டி?”

“அது ஒயரைக் காப்பாத்தும்ணே. உள்ள இருக்கிற சில்லு அதுக்கு முன்னாடியே போயிரும்.”

பழைய அடாப்டரைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அப்புறம் அவர்தான் எர்த் குழியையும் தோண்டிப் பார்க்கலாம் என்றார். நம் ஊர்ப் பக்கம் இது முக்கியம். பாறையும் சரளையும் கலந்த மண், வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் எர்த் பேருக்குத்தான் இருக்கும். எங்கள் குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, மேலே ஒரு பி.வி.சி. குழாய் நட்டு வைத்தார். மாசி முதல் ஆடி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுகிறேன். அளந்தால் 5 ஓமுக்குள் இருப்பது நல்லது.

இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டர் உறுமும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டராக இருந்தால் கவலை இல்லை. எதுவாக இருந்தாலும், கரண்ட் போனதும் ரயிலை நிறுத்தி பூஸ்டரை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

ஆனால் மேலே விழுகிற மின்னலுக்கு இவை எதுவும் முழுப் பதில் இல்லை. சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் உறுதியான வழி. ஸ்விட்சை அணைப்பது போதாது. ஸ்விட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பிளக்கோடு நின்றுவிடவும் கூடாது. கமாண்ட் ஸ்டேஷனிலிருந்து ரூட்டருக்குப் போகும் லேன் ஒயர், லேப்டாப்புக்குப் போகும் யு.எஸ்.பி. ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். மொட்டைமாடி வழியாக வீடு வீடாகத் தாவிப் போகும் கேபிள் கம்பியில் பாய்ந்தது, டி.வி. வழியாகவும் ரூட்டர் வழியாகவும் சுற்றி வந்து பின்வாசலால் நுழையும். லேப்டாப்பை இணைத்து ஓட்டுகிறவர்கள் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

அடாப்டர்

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த செட் என்றால் முதலில் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நம் ஊர் பிளக்கில் சொருகிய நொடியில் முடிந்தது. பழைய அமெரிக்கக் கன்ட்ரோலர்கள் பலவும் இப்படித்தான். அதற்கு 230-லிருந்து 110-க்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சுற்றுகள் இரண்டும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகையாகக் கேட்டு வாங்குங்கள். முள் பொருந்துவதற்கான வெறும் மாற்றி வோல்டேஜைக் குறைக்காது.

தண்டவாளத்தைப் புறங்கையால் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் முள் இல்லாத மலிவு அடாப்டரில் அது வரும். அதற்காகத் தண்டவாளத்தை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள். டி.சி.சி.யில் இரண்டு தண்டவாளமுமே மாறி மாறி பிளஸ் ஆகும், மைனஸ் ஆகும். ஒன்றை எர்த்தில் கட்டினால் வேறு ஒரு வழியில் ஷார்ட் உண்டாகலாம். அடாப்டரை மாற்றுங்கள், போதும்.

தண்டவாளத்துக்கு அடியில்

இனிதான் விஷயமே.

நடுத்தர டி.சி.சி. பூஸ்டர் ஒன்று 15 வோல்ட்டில் 5 ஆம்ப் தரும் என்று வையுங்கள். பெருக்கினால் 75 வாட். நம் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒரு சக்கரம், பாதை பிரியும் பாயிண்ட்டில் குறுக்கே விழுந்து ஷார்ட் ஆனதும் பூஸ்டர் வெட்டவில்லை என்றால், மூன்று சால்டரிங் அயர்னின் சூடு அந்தச் சின்ன இடத்தைச் சுற்றி இறங்கும். சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் போகி உருகும். சக்கரத்திலிருந்து டிகோடருக்குப் போகும் தலைமுடி போன்ற ஒயரின் உறை கருகும்.

‘பூஸ்டரில்தான் பிரேக்கர் இருக்கிறதே’ என்று தோன்றும். இருக்கிறது. ஆனால் அது வெட்ட வேண்டும் என்றால் அதன் எல்லையைத் தாண்டி மின்சாரம் ஓட வேண்டும். ஒயர் மெல்லியதாக இருந்தால் ஓடாது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒயர், 10 மீட்டர் தூரம். போக வர 20 மீட்டர். செம்பின் தடை மட்டும் 1.75 ஓம். தண்டவாளம், அதன் துண்டுகளைச் சேர்க்கும் துருப்பிடித்த ஜாயினர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 1 ஓம். ஆக 2.75. 15-ஐ 2.75-ஆல் வகுத்தால் 5.5 ஆம்ப் கூட இல்லை. 5 ஆம்ப் பூஸ்டருக்கு அது ‘கொஞ்சம் அதிக லோடு’ போலத்தான் தெரியும். யோசித்துக்கொண்டே நிற்கும், தண்டவாளத்தில் உருகிக்கொண்டிருக்கும். என் இரண்டாவது, மூன்றாவது டிகோடர்கள் இப்படித்தான் போயின, ஒரே வாரத்தில். காரணம் புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயர் போட்டால் தடை 0.14 ஓம். ஷார்ட் ஆனதும் மின்சாரம் பாய்ந்து எகிறும், பிரேக்கர் உடனே வெட்டும். தடித்த ஒயர் போட்டால் ஷார்ட்டில் அதிக மின்சாரம் ஓடுமே என்று பயப்பட வேண்டாம். அப்படி ஓடுவதால்தான் வெட்டுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். லேஅவுட்டின் அடியில் நீளவாக்கில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என 2.5 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் ஒயர் ஓட்டுங்கள். இந்த முதன்மை ஒயர்தான் பஸ். ஐந்து மீட்டருக்குள் அடங்கும் சின்ன லேஅவுட்டுக்கு 1.5 போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்குங்கள், அடிக்கு மூன்று முறுக்கு. முறுக்கினால் ஒயரின் இண்டக்டன்ஸ் குறையும். அது ஏன் வேண்டும் என்று பின்னால் வருகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் ஒரு ஜோடி ஃபீடர் ஒயர், 0.5 சதுர மில்லிமீட்டர், ஒரு அடிக்கு மேல் நீளம் வேண்டாம். தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் சால்டர் செய்யுங்கள். ஜாயினரை நம்பாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளமே செம்பைவிடப் பல மடங்கு தடை உள்ளது. ஜாயினர் இரண்டு மழைக்காலம் கண்டால் அதுவும் கைவிட்டுவிடும்.

ஒயர் போட்ட பிறகு நாணயச் சோதனை. பூஸ்டரை இயக்கி, இன்ஜின்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பழைய, பித்தளை நிற நாணயம் நல்லது. உடனே வெட்ட வேண்டும். நாணயத்தை எடுத்ததும் திரும்ப வர வேண்டும். இதை ஒரு இடத்தில் செய்து முடித்துவிடாதீர்கள். ஃபீடர்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டிலும், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கு அப்பாலும், மூலையில் கிடக்கும் சைடிங்கிலும் வையுங்கள். எந்த இடத்தில் வெட்டாமல் உறுமுகிறதோ, நாணயம் சுடுகிறதோ, அங்கே ஃபீடர் குறைவு. என் லேஅவுட்டில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஒரு வளைவில் வெட்டவே இல்லை. அடியில் போய்ப் பார்த்தால் ஒரு ஃபீடர் சால்டர் விட்டுத் தொங்கியது. தண்டவாளத்துக்கு வெறும் ஜாயினர் வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ரயில் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மாதம் ஒரு முறை, லேஅவுட் முழுக்க நாணயத்தோடு ஒரு சுற்று வருகிறேன். பத்து நிமிடம்.

பிரித்து வைப்பது

ஒரு இடத்தில் ஷார்ட் ஆனால் லேஅவுட் முழுக்க நின்றுபோவது எரிச்சல் மட்டும் இல்லை. மறுபடி மின்சாரம் வரும்போது ஒலி டிகோடர்களும் கெபாசிட்டர் வைத்த இன்ஜின்களும் ஒரே நேரத்தில் இழுக்கும். பூஸ்டர் அதையே இன்னொரு ஷார்ட் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வெட்டும். பகுதி பகுதியாகப் பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை. எனக்கு உசிலம்பட்டி யார்டு ஒன்று, கணவாய் ஒன்று, தேனி–போடி ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின்னணு சர்க்யூட் பிரேக்கர். என்.சி.இ., டிஜிட்ராக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே செய்கின்றன. இதன் எல்லையைப் பூஸ்டரின் எல்லைக்குக் கீழே வையுங்கள்: 5 ஆம்ப் பூஸ்டர் என்றால் பகுதிக்கு 3 அல்லது 4. பூஸ்டருக்கு முன்னால் பகுதியின் பிரேக்கர் வெட்ட வேண்டும். யார்டில் நிறைய இன்ஜின் நிற்பதால் பிரேக்கர் தொடக்கத்திலேயே வெட்டுகிறது என்றால், ஆம்ப் எல்லையைக் கூட்டாதீர்கள். தாமத அமைப்பை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால், பைக், கார் உதிரிபாகக் கடையில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு வாங்குங்கள். ஒற்றை இழை உள்ளது. பகுதிக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றில் தொடராக இதை இணைத்தால், சாதாரணமாக ஓடும்போது இழை குளிர்ந்திருக்கும், தடை மிகக் குறைவு, ரயிலுக்குத் தெரியாது. ஷார்ட் ஆனதும் பல்பு பளிச்சென்று எரியும். மின்சாரம் 2 ஆம்ப் அளவில் நின்றுவிடும். சக்கரத்தில் இறங்க வேண்டிய சூடு பல்பில் இறங்குகிறது. எந்தப் பகுதியில் ஷார்ட் என்று பல்பே காட்டிக்கொடுப்பது கூடுதல் வசதி. பல்பு நன்றாகச் சுடும், பிளைவுட்டில் ஒட்டி மாட்ட வேண்டாம். ஹோல்டரில் வைத்து விரலிடை தள்ளி நிற்கட்டும். 3 ஆம்பும் அதற்கு மேலும் தரும் பூஸ்டருக்குத்தான் இது பொருந்தும். 2 ஆம்புக்குள் உள்ள சின்ன செட்டில் பல்புக்கு முன் பூஸ்டரே வெட்டிவிடும்.

தானாகச் சரியாகும் பாலிஃப்யூஸை இந்த இடத்தில் போட வேண்டாம். அது சூடேறி வெட்ட நொடிக்கணக்கில் ஆகும். சாதாரண டி.சி. கன்ட்ரோலருக்கு அது போதும், டிகோடருக்குப் போதாது.

பாயிண்ட்டும் இடைவெளியும்

ஷார்ட் பெரும்பாலும் பாயிண்ட்டில்தான். இரண்டு தண்டவாளமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதி உலோகமாக இருந்தால், பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப அதன் மின்சாரமும் மாற வேண்டும். பாயிண்ட் மோட்டாரில் உள்ள துணை ஸ்விட்ச் வழியாகவோ, தானாக மாற்றும் சர்க்யூட் வழியாகவோ மாற்றுங்கள். மூக்குக்கு அப்பால் இரண்டு தண்டவாளத்திலும் இடைவெளி வேண்டும். சக்கர இடைவெளியையும் கேஜ் வைத்துப் பாருங்கள்; குறுகிய சக்கரம் திறந்திருக்கும் பக்கத்துத் தண்டவாளத்தை முதுகால் உரசும். வண்டி சுற்றி வந்து அதே பாதையில் திரும்பிச் சேரும் லூப் இருந்தால் அதற்கு மின்சாரத் திசையை மாற்றும் தனி தானியங்கி மாற்றி கட்டாயம்.

இடைவெளி பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மார்கழியில் மெல்லிய ரம்பத்தால் தண்டவாளத்தை வெட்டி அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். சித்திரையில் ஒரு மத்தியானம் உசிலம்பட்டி யார்டு தன்னால் ஷார்ட் ஆனது. ஒரு வண்டியும் இல்லை, யாரும் தொடவில்லை. டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தால் இடைவெளி மூடியிருந்தது. இரண்டு முனையும் முத்தமிட்டுக்கொண்டு நிற்கின்றன, நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. மொட்டைமாடிக் கூரைக்கு அடியில் இருக்கும் அறை சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். வெயிலில் காய்ந்து மரச்சட்டம் சுருங்குவது அதோடு சேரும். வெட்டின கையோடு இடைவெளியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, சூப்பர் குளூ வைத்து ஒட்டி, காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரம் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ஜாயினர் போட்ட இடத்திலும் நடு முகடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தண்டவாளத்தைத் துடைக்காதீர்கள். உதிரும் இழை ஒவ்வொன்றும் ஒரு ஷார்ட். மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுக்கவே முடியாது.

ஷார்ட் விலகும்போது வரும் துள்ளல்

பிரேக்கர் சரியாக வெட்டினாலும் டிகோடர் போகலாம். என் நான்காவது அப்படிப் போனது. நீளமான ஒயரில் பல ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அறுந்தால், ஒயரில் தேங்கிய காந்தச் சக்தி வோல்டேஜாக எகிறும். சக்கரம் பாயிண்ட்டில் தட்டித் தட்டிப் போகும்போது ஒவ்வொரு தட்டலுக்கும் இப்படி ஒன்று. டி.சி.சி. தரவிதிப்படி எச்.ஓ. என்கிற 1:87 அளவு டிகோடர் 27 வோல்ட்டும், அதைவிடச் சிறிய ‘N’ அளவு டிகோடர் 24 வோல்ட்டும் தாங்க வேண்டும். துள்ளல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். பஸ் ஒயரை முறுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பத்து மீட்டருக்கு மேல் பஸ் ஓடினால் இரண்டு பாகம் சேருங்கள். ஒன்று, ஒவ்வொரு பஸ்ஸின் கடைசி முனையிலும் துள்ளலைத் தணிக்கும் ஸ்னப்பர்: 100 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டும் தொடராக, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே. கெபாசிட்டர் துருவம் இல்லாத வகை, 100 வோல்ட். ரெசிஸ்டர் 2 வாட் வாங்குங்கள். கால் வாட் போட்டால் சிக்னல் ஓடும்போதே கருகும், ஏனென்றால் டி.சி.சி. அலை நொடிக்குப் பல ஆயிரம் தடவை திரும்பி அந்தக் கெபாசிட்டரை நிரப்பிக் காலி செய்கிறது. இரண்டாவது, பிரேக்கருக்கு அப்பால், பகுதியின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே, துள்ளலை மடக்கிப் பிடிக்கும் ஒரு டி.வி.எஸ். டையோடு. எச்.ஓ.வுக்கு 1.5கே.இ.27சி.ஏ. சி.ஏ. என்று முடிவது முக்கியம்: அது இரண்டு திசையிலும் வேலை செய்யும். ஏ என்று மட்டும் முடிவதைப் போட்டால் டி.சி.சி.யில் அதுவே ஷார்ட். டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூரியரில் வந்துவிடும். விலை மிகக் குறைவு.

டிகோடர் மாட்டும்போது

ஐந்தாவது போனது என் மேசையிலேயே. பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு பிரஷ் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. டி.சி.யில் அப்படித்தான் செய்வார்கள், டி.சி.சி.யில் அது மரணம். தண்டவாள மின்சாரம் நேராக டிகோடரின் மோட்டார் முனைக்குள் பாயும்.

மாட்டும் முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி அளவில் வைத்து, மோட்டாரின் இரண்டு முனையிலிருந்தும் எல்லாச் சக்கரங்களுக்கும், சட்டத்துக்கும் பாருங்கள். எங்கேயும் ‘பீப்’ வரக் கூடாது. விளக்கு ஹோல்டர் சட்டத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். நீல ஒயர் பொதுப் பிளஸ், அது சட்டத்தில் படவே கூடாது. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. அப்புறம் 12 வோல்ட் டி.சி.யில் மோட்டாரை ஒரு கணம் மட்டும் விரலால் நிறுத்திப் பிடித்து எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். டிகோடர் 1 ஆம்ப் என்றால் இது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

ஒயர் முனைகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம் ஊர் வெயிலில் பசை இளகி நழுவிவிடும். முடித்ததும் முதலில், டிகோடரின் முகவரியை எழுதவும் படிக்கவும் உள்ள தனித் தண்டவாளத் துண்டான புரோகிராமிங் டிராக்கில் வையுங்கள். அங்கே மின்சாரம் கால் ஆம்ப் அளவுக்குள் கட்டுப்பட்டிருக்கும். தப்பாக மாட்டியிருந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். முகவரியைப் படித்தால்தான் மெயின் லைனுக்கு. மின்சாரம் இருக்கும் தண்டவாளத்தில் இருந்தபடி டிகோடரைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.சி. கன்ட்ரோலரையும் டி.சி.சி. பூஸ்டரையும் ஒரே லேஅவுட்டின் அடுத்தடுத்த துண்டுகளில் வைக்காதீர்கள். ஒரு சக்கரம் இடைவெளியைத் தாண்டினால் இரண்டும் மோதும். சுருள் வகைப் பாயிண்ட் மோட்டாருக்கு கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் வையுங்கள், பட்டன் சிக்கினாலும் சுருள் எரியாது. ரிலேயின் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். விளக்கு, ஆர்டுயினோ எல்லாவற்றுக்கும் தனி அடாப்டர். எலி வரும் வீடு என்றால் பஸ் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

ரயில் நின்றதும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். பூஸ்டரை அணைத்து, எல்லா இன்ஜினையும் எடுத்து, ஒவ்வொன்றாக முகர்ந்து, போகியைத் தொட்டுப் பாருங்கள். காலியான தண்டவாளத்தில் பூஸ்டர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் பஸ்ஸைப் பாதியில் கழற்றுங்கள். எந்தப் பாதியில் ஷார்ட்டோ அதை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து தடவையில் இடம் கிடைத்துவிடும். இன்ஜின்களைப் புரோகிராமிங் டிராக் வழியாக ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வெளியிலிருந்து வந்த துள்ளல் என்றால் முதலில் அடாப்டர், அதை எதிலும் இணைக்காமல் தனியாக. மீட்டரில் வோல்டேஜ் சரியாக வந்தால் கமாண்ட் ஸ்டேஷன், அதன்பின் பூஸ்டர், கடைசியில்தான் இன்ஜின். அடிபட்ட ஸ்பைக் பஸ்டரையும் எஸ்.பி.டி.யையும் பாருங்கள்: எஸ்.பி.டி.யின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்ற வேண்டும். அடாப்டர் போயிருந்தால் பழையதில் எழுதியிருக்கும் அதே வோல்ட், ஆம்ப் அதற்குக் குறையாமல், டி.சி. என்றால் டி.சி., ஏ.சி. என்றால் ஏ.சி.; முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்ற படத்தையும் ஒரு முறை ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.